டீகம்போஸ்: பிணவறையிலும் மழலையர் வகுப்பிலும் ஒரே வினைச்சொல்

நம் ஊர் ஆங்கில நாளிதழ் படித்துப் பழகியவர்களுக்கு ‘டீகம்போஸ்’ என்ற வினைச்சொல் பெரும்பாலும் ஒரே மாதிரியான செய்தியில்தான் அறிமுகமாகியிருக்கும். பூட்டிய வீட்டிலிருந்து துர்நாற்றம், அக்கம்பக்கத்தார் புகார், போலீஸ் கதவை உடைத்துப் பார்த்தால் உள்ளே ‘டீகம்போஸ்டு’ நிலையில் ஓர் உடல். தமிழ் நாளிதழ் அதையே ‘அழுகிய நிலையில் சடலம் மீட்பு’ என்று போடும். இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவில் குடியேறி, அங்கே மழலையர் வகுப்பில் சேர்ந்த பிள்ளையின் வீட்டுப்பாடத் தாளில் ‘டீகம்போஸ் 7’ என்று அச்சாகியிருப்பதைப் பார்த்தால் கொஞ்சம் தூக்கிவாரித்தான் போடும்.

அங்கே கேட்பது மிக எளிய விஷயம். 7 என்பது 5ம் 2ம் சேர்ந்தது, 6ம் 1ம் சேர்ந்தது, 4ம் 3ம் சேர்ந்தது என்று பிள்ளை பிரித்து எழுதிக் காட்ட வேண்டும். 2010இல் வெளிவந்து பல அமெரிக்க மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட பொதுத் தரநிலைகளில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான கணக்கிலேயே இந்த வினைச்சொல் இருக்கிறது. 10 வரையிலான எண்களை இரண்டிரண்டாக டீகம்போஸ் செய்யத் தெரிய வேண்டும் என்கிறது அது. பிற்பாடு 8உடன் 6ஐக் கூட்டும்போது, 6லிருந்து 2ஐ எடுத்து 8ஐ 10 ஆக்கிவிட்டு, மீதி 4ஐச் சேர்த்து 14 என்று சொல்வதற்கு இது அடித்தளம். மனக்கணக்குப் போடுகிற மளிகைக் கடைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். அவர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவே.

பள்ளிக்கூடம் சொல்லைத் தப்பாகப் பயன்படுத்தவில்லை. மழலையர் வகுப்பில்தான் அது தன் மூலப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. கம்போஸ் என்பதன் அடியில் இருப்பது ‘ஒன்றாக வைத்தல்’ என்ற லத்தீன் கருத்து. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சுரங்களை ஒன்றாக வைப்பவர் கம்போஸர். ஈய எழுத்துகளை ஒன்றாக அடுக்கியவர் அச்சகத்துக் கம்பாசிட்டர். அதன் முன்னால் ‘டீ’ சேர்ந்தால், ஒன்றாக வைத்ததைத் திரும்பத் தனித்தனியாக எடுத்து வைப்பது என்றாகிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது இந்தப் பொருளில்தான் நுழைந்தது. அழுகல் என்ற பொருள் அதே நூற்றாண்டிலேயே கூட வந்து ஒட்டிக்கொண்டது. தோட்டத்தில் போடும் கம்போஸ்ட் உரமும் இதே குடும்பம்தான், அதுவும் ‘சேர்த்து வைத்தது’. ஆக, டீகம்போஸ் ஆனால்தான் கம்போஸ்ட் கிடைக்கும் என்ற விநோதத்தை ஆங்கிலம் எந்தக் கூச்சமும் இல்லாமல் வைத்துக்கொண்டிருக்கிறது. செத்துப்போன இசைமேதை இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்று கேட்டால், ‘இதுவரை கம்போஸ் செய்தார், இப்போது டீகம்போஸ் செய்கிறார்’ என்று சொல்லும் பழைய ஆங்கிலக் கடி ஜோக் ஒன்றும் உண்டு.

இந்தச் சொல்லுக்கு உண்மையான கெத்து வந்தது வேதியியலாளர்கள் கையில். தனிமம் என்றால் என்ன என்ற கேள்விக்குப் பழங்காலத்து அறிஞர்கள் நிலம், நீர், தீ, காற்று என்று தத்துவம் பேசிக்கொண்டிருந்தார்கள். 1789இல் பாரிஸில் லவாய்சியர் தன் பாடநூலில் அந்தப் பேச்சை முடித்துவைத்தார். எந்தப் பொருளை இதுவரை எந்த வழியிலும் நம்மால் டீகம்போஸ் செய்ய முடியவில்லையோ, அதைத் தனிமம் என்று வைத்துக்கொள்வோம் என்றார். இது மிகவும் தன்னடக்கமான வரையறை. இயற்கையின் கடைசி உண்மை இதுதான் என்று அவர் சொல்லவில்லை. நம் கைச்சரக்கு இவ்வளவுதான், நாளைக்கு யாராவது பிரித்துவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார். தனிமம் என்ற பெரிய கருத்து மொத்தமும் இந்த ஒரு வினைச்சொல்லின் எதிர்மறையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் போட்ட பட்டியலில் 33 பொருட்கள். ஆக்சிஜன், ஹைட்ரஜன், தங்கம், வெள்ளி எல்லாம் அதில் உண்டு. ஒளியும் வெப்பமும்கூட உண்டு. அவற்றை அன்று பொருட்களாக நினைத்தார்கள். இன்னொன்றும் இருந்தது, சுண்ணாம்பு. காளவாயில் சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சுட்டால் கிடைக்கிற அந்தச் சுட்ட சுண்ணாம்பை அதற்கு மேல் பிரிக்க அப்போது யாராலும் முடியவில்லை. அதனால் அதுவும் தனிமம். ஆனால் லவாய்சியருக்கே சந்தேகம் இருந்தது. சுண்ணாம்பு போன்ற ‘மண்கள்’ எல்லாம் ஏதோ ஒரு உலோகமும் ஆக்சிஜனும் சேர்ந்தவையாக இருக்கலாம் என்று ஊகித்தார். அதைச் சரிபார்க்க அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1794இல் பிரெஞ்சுப் புரட்சி அவருடைய தலையை வெட்டிவிட்டது.

பிறகு மின்கலம் வந்தது. 1800இல் வோல்டா அதை அறிவித்த சில வாரங்களிலேயே லண்டனில் நிக்கல்சனும் கார்லைலும் அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். ஒரு கம்பியில் ஹைட்ரஜன், மற்றொன்றில் ஆக்சிஜன். அடுத்து ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி, 1807இல் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் மின்சாரத்தால் பிரித்தெடுத்தார். 1808இல் சுண்ணாம்பும் அவரிடம் மாட்டியது. உள்ளேயிருந்து கால்சியம் என்ற உலோகம் வந்தது. லவாய்சியர் சொன்னபடியே, ஒரு ‘தனிமம்’ பட்டியலிலிருந்து வெளியேறியது. அந்தக் காலத்து ஆய்வுக் கட்டுரைகளில் டீகம்போஸ் என்ற சொல் வெற்றி முழக்கம் மாதிரியே வரும். ஒன்றை டீகம்போஸ் செய்துவிட்டேன் என்றால், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன் என்று அர்த்தம்.

காளவாயில் நடப்பதையே பாருங்கள். சுண்ணாம்புக் கல் 900 டிகிரி செல்சியஸ் அளவில் வெந்தால் இரண்டாகப் பிரிகிறது. 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடும். எதுவும் அழியவில்லை, எதுவும் கெட்டுப்போகவில்லை. சுட்டதை நீற்றிச் சாந்தாக்கிச் சுவரில் பூசினால், அது காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது. பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சு வருடம் போகப்போக இறுகுவது இதனால்தான்.

டீகம்போஸ் என்றாலே மெதுவாக நடப்பது என்ற எண்ணமும் பிணச் செய்திகளிலிருந்து வந்ததுதான். வேதியியலில் இந்த வினைக்கு வேகம் ஒரு நிபந்தனை இல்லை. ஆப்ப சோடா 80 டிகிரி தாண்டியதும் பிரியத் தொடங்கிக் கார்பன் டை ஆக்சைடை விடுகிறது, மாவு பொங்குகிறது. மிஞ்சுவது சோடியம் கார்பனேட். சோடா கூடிப்போன பலகாரத்தில் சோப்பு மாதிரி ஒரு ருசி வருவதற்குக் காரணம் அந்த மிச்சம். காரின் ஏர்பேக்குகளில் நெடுங்காலம் சோடியம் அசைடு என்ற உப்பை வைத்தார்கள். மோதலை உணர்ந்ததும் அது சோடியமாகவும் நைட்ரஜனாகவும் பிரிந்து, ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்குள் பையை நிரப்பிவிடும்.

அம்மோனியம் நைட்ரேட்டின் கதை இன்னும் கொடியது. அதைப் பதமாகச் சூடாக்கினால் சிரிப்பூட்டும் வாயுவும் நீராவியும் வரும். மேலே சொன்ன அதே டேவி, 1799இல் பிரிஸ்டல் நகரத்தில் அப்படித் தயாரித்துத் தானே முகர்ந்து பார்த்தவர். அடைத்துவைத்த பெருங்குவியல் தீயில் மாட்டினால் அதே உப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் பிரிந்து வெடிக்கும். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அப்படித்தான் வெடித்து 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சென்னை மணலியில் சுங்கத் துறை பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி அந்த வாரம் எழுந்த பதற்றமும், அதை லாரிகளில் ஹைதராபாத்துக்கு அனுப்பியதும் பலருக்கு நினைவிருக்கலாம். பாதுகாப்பு ஆவணங்களில் இந்த உப்பைப் பற்றி ‘டீகம்போஸ்’ என்று படித்தால் மக்குவதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இயற்பியலும் கணிதமும் இதே சொல்லை எடுத்துக்கொண்டு போனபோது அதில் கொஞ்சம்கூட நாற்றம் இல்லை. முப்பட்டகம் வெள்ளை ஒளியை நிறங்களாக டீகம்போஸ் செய்கிறது என்று ஆங்கிலப் பாடநூல் எழுதும். நியூட்டன் 1660களில் செய்து பார்த்தது. பிரிந்த நிறங்களைத் திரும்பச் சேர்த்தால் வெள்ளை வருகிறது என்பதையும் அவர் காட்டினார். பிரெஞ்சுக்காரர் ஃபூரியே, வெப்பம் பரவுவதைக் கணக்குப் போடப்போய், எவ்வளவு சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்ற யோசனையை 1807இல் பாரிஸ் அறிஞர்கள் முன் வைத்தார். அவர்களுக்கு அது முழுதாகப் பிடிக்கவில்லை. 1822இல்தான் நூலாக வந்தது. இன்று செல்போனில் பாட்டும் படமும் சிறிய கோப்பாக அடங்குவது அந்த வழியில் வந்த கணக்கினால்தான். ஒலியையும் படத்தையும் அப்படிப் பிரித்துவைத்து, காதும் கண்ணும் கவனிக்காத பங்கைக் கழித்துவிடுகிறார்கள். பொறியியல் படித்தவர்கள் கணக்கில் வரும் அணிகளை (மேட்ரிக்ஸ்) டீகம்போஸ் செய்த பரீட்சைகளை மறந்திருக்க மாட்டார்கள்.

மென்பொருள்காரர்களின் டீகம்போஸ் சற்று வேறு மாதிரி. சுண்ணாம்புக் கல்லில் எங்கே பிளவு விழும் என்பதை இயற்கை தீர்மானித்துவிடுகிறது. மென்பொருளில் அதை மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும். கணினி அறிவியலாளர் டேவிட் பார்னஸ் 1972இல் எழுதிய ஒரு சின்னக் கட்டுரை இதைப் பற்றியதுதான். வேலை நடக்கும் வரிசைப்படி முதல் படி, இரண்டாம் படி என்று நிரலைக் கூறுபோடுவது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும். அது கெட்ட வழி என்றார் அவர். எந்தெந்த முடிவுகள் பின்னால் மாறக்கூடியவையோ, அவை ஒவ்வொன்றையும் ஒரு கூறுக்குள் மறைத்துவைக்கும்படி பிரியுங்கள், அப்போதுதான் ஓரிடத்தில் கைவைத்தால் மற்ற இடங்கள் உடையாது என்றார். ஒரே நிரலை இரண்டு விதமாகவும் பிரித்துக் காட்டினார். ஐம்பது வருடம் கழித்தும், பெரிய மென்பொருளைச் சின்னச் சின்னச் சேவைகளாகப் பிரிக்க உட்காருகிற குழுக்கள் அதே சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருக்கின்றன. 7ஐ எப்படிப் பிரித்தாலும் கூட்டினால் 7தான். ஒரு மென்பொருளைத் தப்பாகப் பிரித்தால் முன்பு இருந்ததைவிட மோசமாகிவிடும். ஒரே வினைச்சொல்தான் என்றாலும் இந்த வேறுபாடு அதில் வெளியே தெரிவதில்லை.

சரி, இப்போது அழுகலுக்கு வருவோம். இறந்த உடலுக்கும் உதிர்ந்த இலைக்கும் இந்தச் சொல் வந்தது ஏதோ உவமையாக வந்ததில்லை. வேதியியல் பொருளிலேயே அங்கும் அதுதான் நடக்கிறது. இறந்ததும் முதலில் செல்களுக்குள் இருக்கும் நொதிகளே செல்களைக் கரைக்கத் தொடங்குகின்றன. அப்புறம் குடலில் இருந்த பாக்டீரியாக்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. பிண நாற்றத்தில் பங்குள்ள கடாவரின் என்ற பொருள் எப்படி வருகிறது தெரியுமா? புரதத்திலிருந்து வெளிப்பட்ட லைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து பாக்டீரியா ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிடுகிறது. மிஞ்சுவது கடாவரின். காளவாய்க் கல்லில் நெருப்புக் கழற்றிய அதே வாயுதான்.

இலைக் குவியலில் இரண்டு தரப்பு வேலை செய்கிறது, சூழலியலாளர்கள் அவற்றைத் தனித்தனியாகவே பேசுவார்கள். மண்புழு, மரவட்டை, கறையான் போன்றவை இலையைத் தின்று பொடியாக்குகின்றன. ஆங்கிலத்தில் டீகம்போஸர் என்ற பெயரைக் கறாராகப் பேசுபவர்கள் இவற்றுக்குத் தருவதில்லை. அது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உரியது. அவை நொதிகளை வெளியே சுரந்து, செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலியைக் குளுக்கோஸாகக் கழற்றி, அதை உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினை முழுதாகப் பிரிக்கத் தெரிந்தவை ஒருவகைப் பூஞ்சைகள்தான். அதனால்தான் வாழை இலை சில வாரங்களில் காணாமல் போகிற குப்பைக் குழியில் தேங்காய்ச் சிரட்டை வருடக்கணக்கில் கிடக்கிறது. கார்பன் 25 முதல் 30 பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்கு, போதுமான ஈரம், போதுமான காற்று, இவை இருந்தால் உரக்குழி 55, 60 டிகிரி வரை தானாகவே சூடாகும். புழு பொடியாக்கித் தராவிட்டால் நுண்ணுயிருக்கு வேலை தாமதமாகும் என்பது உண்மை. ஆனால் பொடியாக்குவது வேறு, பிரிப்பது வேறு. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக்குக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

அதற்கு முன் கொஞ்சம் பயன்பாடு. டீகம்போஸுக்கு அக்கம்பக்கத்தில் நிறைய வினைச்சொற்கள் குடியிருக்கின்றன, மாற்றிப் போட்டால் ஆங்கிலக் காதுக்கு இடறும். எல்லாவற்றையும் விட ஒரு மாத்திரை இதை நன்றாகக் காட்டிவிடும். மாத்திரையைத் தண்ணீரில் போட்டால் முதலில் துகள் துகளாக உதிர்கிறது. அது டிஸின்டக்ரேட். மருந்துத் தொழிற்சாலையில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. மேலுறை இல்லாத சாதாரண மாத்திரை 37 டிகிரித் தண்ணீரில் 15 நிமிடங்களுக்குள் உதிர்ந்துவிட வேண்டும். பிறகு மருந்து நீரில் கரைகிறது. அது டிஸ்ஸால்வ், அதற்குத் தனிச் சோதனை. இரண்டிலும் மருந்து மருந்தாகவே இருக்கிறது. ஈரம் பட்ட ஆஸ்பிரின் புட்டியைப் பல மாதம் கழித்துத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும். ஆஸ்பிரின் மூலக்கூறே சாலிசிலிக் அமிலமாகவும் அசிட்டிக் அமிலமாகவும் பிரிந்துவிட்டது. அதுதான் டீகம்போஸ். முதல் இரண்டும் நடக்காவிட்டால் மாத்திரை வேலை செய்யாது, மூன்றாவது நடந்துவிட்டால் குப்பைக்குத்தான் போக வேண்டும்.

2003 பிப்ரவரி 1 அன்று கல்பனா சாவ்லாவும் அவருடைய குழுவினரும் திரும்பி வந்துகொண்டிருந்த கொலம்பியா விண்கலம் வானத்திலேயே சிதறியதை ஆங்கிலப் பத்திரிகைகள் டிஸின்டக்ரேட் என்றுதான் எழுதின. 1991இல் சோவியத் யூனியன் சிதறியதற்கும் அதே சொல். இதில் ஒரு சுவாரசியம்: யூனியன் என்னென்ன குடியரசுகளால் ஆனதோ அதே 15 ஆகத்தான் பிரிந்தது. டீகம்போஸ் என்று சொல்ல எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் நாடு, கட்சி, குடும்பம், கூட்டணி இவற்றுக்கு ஆங்கிலம் அந்தச் சொல்லைச் சாதாரணமாகக் கொடுப்பதில்லை, கொடுத்தால் பிண வாடை வந்துவிடும்.

‘ராட்’ என்பது அழுகுவதற்கான பழைய, எளிய, நாட்டுப்புறச் சொல். முட்டை, தக்காளி, மரம், பல் எல்லாவற்றுக்கும் அதுதான். கூமுட்டையை டீகம்போஸ்டு முட்டை என்று எழுதினால் பரிசோதனைக்கூட அறிக்கை மாதிரி இருக்கும். அதே நேரம், இறந்த மனிதரைப் பற்றி எழுதும்போது ராட் என்று போடுவது மரியாதைக் குறைவு. சிறையில் கிடந்து அழுகட்டும் என்று சபிக்கத்தான் மனிதருக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்துவார்கள். டீகம்போஸ் கொஞ்சம் வெள்ளைக் கோட்டுப் போட்ட சொல்லாக இருப்பதால் போலீசும் பத்திரிகையும் அதைத் தேர்ந்தெடுக்கின்றன. சிதைவைச் சொல்லும் ‘டீகே’ பல்லுக்கும் கதிரியக்கத்துக்கும் பழைய ஊர்களுக்கும் போகும். கெட்டுப்போன பாலுக்கு இவை எதுவுமே வேண்டாம்.

‘பிரேக் டவுன்’ கொஞ்சம் ஏமாற்றும். கொழுப்பை நொதி பிரிக்கிறது, எண்ணெய்க் கசிவைப் பாக்டீரியா பிரிக்கிறது என்னும் இடங்களில் டீகம்போஸுக்குப் பதிலாக அதைத் தாராளமாகப் போடலாம். ஆனால் பேருந்து நடுவழியில் நிற்பது, பேச்சுவார்த்தை முறிவது, ஒருவர் உடைந்து அழுவது எல்லாம் பிரேக் டவுன் மட்டுமே. கம்போஸ் என்பதற்கு மனதை நிதானப்படுத்திக்கொள்வது என்ற பொருளும் உண்டு என்பதால், நிதானம் இழப்பதை டீகம்போஸ் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்கு டிஸ்கம்போஸ் என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது, இப்போது அதிகம் புழங்குவதில்லை.

இலக்கணத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உடல் தானாக டீகம்போஸ் ஆகும், வெப்பம் சுண்ணாம்புக் கல்லை டீகம்போஸ் செய்யும். இரண்டுக்கும் வினைச்சொல் உருமாறுவதில்லை. நாம் தமிழில் ‘ஆகிவிட்டது’ என்று சொல்லும் பழக்கத்தில் ‘காட் டீகம்போஸ்டு’ என்று எழுதிவிடுகிறோம். அந்த ‘காட்’ தேவையில்லை, ‘ஹேஸ் டீகம்போஸ்டு’ போதும். என்னவாகப் பிரிந்தது என்று சொல்லும்போது பெரும்பாலும் ‘இன்டு’ வரும். 7 ஆனாலும் ஒளியானாலும் சுண்ணாம்பானாலும் அந்த ‘இன்டு’வுக்குப் பின்னால் கூறுகளின் பெயர் இருக்கும். பிணச் செய்தியில் மட்டும்தான் அந்த இடம் காலி.

அந்தக் காலி இடத்தில்தான் பிளாஸ்டிக் வியாபாரம் புகுந்துகொண்டது. சாதாரண பாலிதீன் பை வெயிலில் கிடந்தால் புற ஊதாக் கதிர் பட்டு நொறுங்கும். தொட்டால் பொடியாகும். பார்ப்பவருக்கு மக்கிப்போனதாகத் தோன்றும். பொடியை எடுத்துச் சோதித்தால் அதே பாலிதீன், சங்கிலிதான் கொஞ்சம் நீளம் குறைந்திருக்கும். கடலில் கிடக்கும் இத்தகைய துகள்களுக்குத்தான் கடல் உயிரியலாளர் ரிச்சர்ட் தாம்சன் குழுவினர் 2004இல் மைக்ரோபிளாஸ்டிக் என்ற பெயரைப் பரவலாக்கினார்கள். பை சீக்கிரமாக நொறுங்கும்படி உலோக உப்புகளைக் கலந்து, ஆக்சோ டீகிரேடபிள் என்ற பெயரில் சூழலுக்கு உகந்ததாக விற்றார்கள். டீகிரேட் என்றால் தரம் இறங்குவது, என்னவாக இறங்குகிறது என்று அந்தச் சொல் வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே வியாபாரி பொய் சொன்னதாகவும் ஆகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றி, 2021 ஜூலை 3 முதல் இந்த வகையை முற்றாகத் தடைசெய்தது. எனக்குத் தெரிந்து, இது தாமதமாக எடுத்த சரியான முடிவு.

மக்கும் பிளாஸ்டிக்குக்கான ஐரோப்பியத் தரநிலையில் நாம் இதுவரை பேசிய வேறுபாடு அப்படியே ஆய்வகச் சோதனையாக இருக்கிறது. ஒன்று, உரக்குவியலில் 12 வாரம் வைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலிக்க வேண்டும். சல்லடையில் தங்குவது 10 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. இது டிஸின்டக்ரேட் ஆகிறதா என்ற சோதனை. இதை மட்டும் வைத்தால் நொறுங்கிய பாலிதீன்கூடத் தேறிவிடும். அதனால் இரண்டாவது சோதனையில், பிளாஸ்டிக்கில் இருந்த கார்பனில் 90 சதவீதம் ஆறு மாதத்துக்குள் கார்பன் டை ஆக்சைடாக வெளியே வந்ததா என்று அளக்கிறார்கள். நுண்ணுயிர் தின்று மூச்சாக விட்டிருந்தால்தான் அது வரும். கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குச் சல்லடை, மூலக்கூறு பிரிவதற்கு வாயு அளவி. இரண்டிலும் தேற வேண்டும்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோது, உரமாக மக்கும் பைகள் என்று அச்சிட்ட மாற்றுப் பைகளும் கடைகளுக்கு வந்தன. அவற்றில் அசலும் உண்டு, போலியும் உண்டு. அசலாக இருந்தாலும் ஒரு சங்கதி இருக்கிறது. சோளம் போன்ற மாவுப்பொருளிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமில வகைப் பிளாஸ்டிக், 58 டிகிரி அளவில் சூடு நிலைக்கும் பெரிய உர ஆலையில்தான் அந்தக் கெடுவுக்குள் பிரியும். கொல்லையில் இருக்கும் ஆறிய குப்பைக் குழியிலோ கூவத்திலோ கடலிலோ போட்டால் நெடுங்காலம் அப்படியே கிடக்கும். மக்கும் என்பது பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததில்லை, அது போய்ச் சேரும் இடத்தையும் பொறுத்தது.

தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கை உண்மையாகவே பிரிக்கிற பாக்டீரியா ஒன்றை ஜப்பானில் சகாய் நகரத்து மறுசுழற்சி ஆலை ஒன்றின் அருகிலிருந்து எடுத்ததாக 2016இல் அறிவித்தார்கள். இடியோனெல்லா சகாயென்சிஸ் என்று பெயர். இரண்டு நொதிகளைக் கொண்டு அது பெட்டை டெரிஃப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் கழற்றுகிறது. தொழிற்சாலையில் பெட்டைச் செய்யப் பயன்படும் அதே இரண்டு பொருட்கள் இவை. இங்கே ‘இன்டு’வுக்குப் பின்னால் பெயர் இருக்கிறது, அவற்றை எடுத்துத் திரும்பப் பாட்டிலும் செய்யலாம். ஆனால் அந்தப் பாக்டீரியா மெல்லிய, படிகத்தன்மை குறைந்த படலத்தைத் தின்று முடிக்கவே 30 டிகிரியில் ஆறு வாரம் ஆகிறது. பாட்டில் பிளாஸ்டிக் அதைவிடக் கெட்டி. அதனால் இப்போது ஆய்வாளர்கள் நொதியை மட்டும் எடுத்து, அதிக வெப்பத்தைத் தாங்கும்படி மாற்றி, உலைகளில் ஓட்டிப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் உரமாக மக்கும் பை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். பை ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தரநிலைக்கு உட்பட்டிருக்க வேண்டும். கடையில் பை வாங்கும்போது பச்சை இலைப் படத்தை விட்டுவிட்டு அந்த எண்ணையும் சான்றிதழ் விவரத்தையும் தேடுங்கள். வெறும் டீகிரேடபிள் என்று மட்டும் போட்டிருந்தால், என்னவாகப் பிரியும், எங்கே, எத்தனை நாளில் என்று கடைக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம்.